நம் சங்கத்துக்கு எந்த வெப்சைட்? பொதுக்குழுவில் பேசியது

(கடந்த பொதுக்குழுவில் நான் பேசியதன் எழுத்து வடிவம் இது. அன்று வர முடியாதவர்கள் சிலர் கேட்டார்கள் என்று செயலாளர் சொன்னதால் எழுதிக் கொடுக்கிறேன். பேச்சில் இருந்த திக்கல் திணறல்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.)



அஜெண்டாவில் என்னை லிஃப்ட் ஏ.எம்.சி.க்கும் பெயின்டிங்குக்கும் நடுவில் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே சண்டை வரக்கூடிய விஷயங்கள். நடுவில் இருபது நிமிடம் நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆனால் நான் பேசப்போவதும் பணம் சம்பந்தப்பட்டதுதான். நம் சங்கத்தின் வெப்சைட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. எந்த மென்பொருளில், எந்த முறையில் செய்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெப்சைட் செய்வதுதான் என் பிழைப்பு. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். இந்த வேலைக்கு நான் கொட்டேஷன் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். கொடுத்தவர்கள் இருவரும் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது இருக்கும் வெப்சைட்டுக்கு எந்தக் கருவி என்று 2016-ல் தேர்ந்தெடுத்தவன் நான்தான். தப்பாகத் தேர்ந்தெடுத்தேன். அதனால்தான் இன்று இங்கே நின்று பேசுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம் இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வேளச்சேரியில் படகு ஓடிய நாட்கள். அப்போது அமெரிக்காவிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள் அப்பா அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தார்கள். வாட்ஸ்அப்பில் ஒரே வதந்தி. அடுத்த வருடம் பொதுக்குழுவில், சங்கத்துக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும், அதில் வருவதுதான் அதிகாரபூர்வமான செய்தி என்று தீர்மானம் போட்டோம். என்னிடம் ஒப்படைத்தீர்கள். நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்தேன். மாதச் சந்தா கட்டினால் கட்டம் கட்டமாக இழுத்துப் போட்டு வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு ஆன்லைன் சேவை. பெயர் இப்போது முக்கியமில்லை. முகப்பில் நம் நீரூற்று, பொங்கல் விழா, நீச்சல் குளம் என்று ஐந்து பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். எல்லோரும் பாராட்டினீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஏழு வருடம் கழித்து, 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணீர், கரன்ட் இல்லை, ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. போனில் சிக்னல் மொட்டை மாடிக்குப் போனால் ஒரு கோடு வரும், இறங்கினால் போய்விடும். இரண்டாம் நாள் இரவு இ பிளாக் மாமி ஒருவருக்கு மூச்சுத் திணறல். வளாகத்தில் குடியிருக்கும் டாக்டர்கள், ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள், அவசரத்துக்கு வண்டி எடுப்பவர்கள் என்று ஒரு பட்டியல் நம் வெப்சைட்டில் இருந்தது. 2015-க்குப் பிறகு அதற்காகத்தானே அந்த வெப்சைட்டையே செய்தோம்? அவர் மகன் மொட்டை மாடியில் நின்று திறக்கப் பார்த்தார். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கீழே ஓடினார். கடைசியில் செக்யூரிட்டி கேபினில், விசிட்டர் நோட்டின் பின்னட்டையில், பழைய சூப்பர்வைசர் பென்சிலால் எழுதி வைத்திருந்த எண் கிடைத்தது. அந்த டாக்டர் மாமி வீட்டுக்கு இரண்டு மாடி கீழேதான் இருக்கிறார். போன் கூட வேண்டியிருக்கவில்லை, கதவைத் தட்டினால் போதும். ஆனால் அந்தப் பையன் போன மாதம்தான் குடிவந்தவர், அவருக்கு எப்படித் தெரியும்? மாமி நன்றாக இருக்கிறார். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் முகப்புப் பக்கத்தின் எடை கிட்டத்தட்ட 7 எம்.பி. சிக்னல் மோசமாக இருக்கும்போது வினாடிக்கு 50 கிலோபிட் வருகிறது என்று வையுங்கள். அந்தப் பக்கம் முழுசாக இறங்க 19 நிமிடம் ஆகும். அந்தப் பட்டியலை வெறும் எழுத்தாக வைத்தால் 10 கே.பி. கூட வராது. இரண்டு வினாடியில் வந்துவிடும். அந்த 19 நிமிடமும் நீரூற்றுப் படத்துக்கும், படத்தை நகர்த்தும் நிரலுக்கும், அந்தச் சேவை தானாகவே சேர்த்துக்கொண்ட சமாசாரங்களுக்கும்தான். நான் கருவியைத் தேர்ந்தெடுத்தபோது என் வீட்டு வைஃபையில், என் பெரிய மானிட்டரில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மொட்டை மாடியில் நின்று பார்க்கவில்லை.

சரி, வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் இரண்டாவது தப்பு தெரிந்தது. அந்தச் சேவையில் உள்ளே போக வழி உண்டு, வெளியே எடுத்துக்கொண்டு வர வழி இல்லை. வெப்சைட்டை முழுசாக இறக்கி வேறொரு சர்வரில் வைக்க முடியாது. விதிமுறையில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. நானும் இன்னும் இருவரும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கையால் காப்பி செய்தோம். ஏழு வருடத்து அறிவிப்புகள், பொதுக்குழுக் குறிப்புகள், இந்தக் காலாண்டிதழின் பழைய இதழ்கள். அதிலும் 2019 ஜூன் மாதத்துப் பொதுக்குழுக் குறிப்பு இல்லை. ஏரிகள் வறண்டு, சென்னையே லாரிக்குக் காத்திருந்த அந்தக் கோடை. லாரித் தண்ணீர் செலவை ஃபிளாட் கணக்கில் பிரிப்பதா, சதுர அடிக் கணக்கில் பிரிப்பதா என்று அன்று தீர்மானம் போட்டோம். அந்தக் குறிப்பை ஸ்கேன் செய்து படமாகத்தான் ஏற்றியிருந்தோம். நடுவில் ஒரு வருடம் செலவைக் குறைக்கிறேன் என்று சின்ன சந்தாவுக்கு மாறினேன். இடம் போதாமல் சில படங்களை அழிக்க வேண்டி வந்தது. அதில் இதுவும் போயிருக்கிறது. அந்தத் தீர்மானம் என்ன என்பதில் இன்றைக்கும் இந்த ஹாலில் இரண்டு கட்சி இருக்கிறது. யார் சொல்வது சரி என்று காட்ட என்னிடம் தாள் இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், வெப்சைட் கொட்டேஷன் வந்தால் நாம் பார்ப்பது இரண்டே விஷயம். எப்படி இருக்கும், எவ்வளவு ஆகும். நீங்கள் ஃபிளாட் வாங்கியபோது அப்படியா வாங்கினீர்கள்? மாடல் ஃபிளாட்டின் சோபாவைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்களா? மூலப் பத்திரம் பார்த்தீர்கள், வில்லங்கம் பார்த்தீர்கள், யு.டி.எஸ். எவ்வளவு என்று கேட்டீர்கள். இங்கேயும் அதையே கேட்க வேண்டும்.

வெப்சைட்டின் முகவரிக்கு டொமைன் என்று பெயர். அதுதான் பத்திரம் மாதிரி. சரியாகச் சொன்னால் குத்தகைப் பத்திரம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் பத்து வருடம்தான் எடுக்க முடியும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஹோஸ்டிங் என்பது இடத்துக்கு வாடகை. டிசைன் என்பது இன்டீரியர். இன்டீரியர்காரர் பத்திரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டால் விடுவீர்களா? வெப்சைட் விஷயத்தில் தினமும் அப்படி நடக்கிறது. நம் டொமைனே 2016-ல் அப்போதைய பொருளாளரின் சொந்த ஈமெயிலில் பதிவாகியிருந்தது. அவர் கோயம்புத்தூருக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. நல்ல மனிதர், போனை எடுத்தார், ஓ.டி.பி. சொன்னார். எடுக்காமல் போயிருந்தால் நம் சங்கத்தின் பெயரிலேயே வேறு யாராவது சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார்கள். காலாவதியான டொமைன்களை வாங்கி அதைச் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு.

கருவிகளும் சாகும். இதை என் தொழிலில் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் படிக்கும் காலத்தில் ஃபிரன்ட்பேஜ் என்று மைக்ரோசாஃப்டின் மென்பொருள், கம்ப்யூட்டர் சென்டர்களில் அதற்கே தனி கோர்ஸ் இருந்தது. 2003 பதிப்போடு முடிந்தது. யாஹூவின் ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கானவர்கள் இலவசமாகப் பக்கம் வைத்திருந்தார்கள், 2009 அக்டோபரில் மூடினார்கள். அடோபி ஃபிளாஷ் கற்றுக்கொண்டு அதிலேயே கல்யாணம் செய்துகொள்ளும் அளவுக்குச் சம்பாதித்த நண்பர்கள் எனக்கு உண்டு. 2020 டிசம்பர் 31-ல் அதன் ஆதரவு நின்றது, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷில் செய்தவை ஓடவே ஓடாது. மியூஸ் என்று இன்னொன்று, அதுவும் அடோபி. நிரல் எழுதத் தெரியாதவர்களும் வெப்சைட் செய்யலாம் என்று வந்தது, 2020 மார்ச்சில் அதற்கும் கதவைச் சாத்தினார்கள். இவை எல்லாம் பெரிய கம்பெனிகள். சின்னக் கம்பெனிதான் ஓடிப்போகும் என்று நினைக்காதீர்கள்.

அதே சமயம், 1991-ல் ஜெனீவா பக்கம் உள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ செய்தாரே, உலகின் முதல் வெப்சைட், அதன் பழைய பிரதி ஒன்றை 2013-ல் மறுபடியும் அதே முகவரியில் வைத்தார்கள். உங்கள் போனில் இப்போதே திறந்து பார்க்கலாம். ஒரு எழுத்து சிதறாது. அது வெறும் எச்.டி.எம்.எல். எழுத்து, எழுத்துக்கு அடியில் கோடு போட்ட சில இணைப்புகள். அவ்வளவுதான். அதை எந்தக் கருவியில் செய்தார்கள் என்பது இன்று யாருக்கும் பொருட்டே இல்லை, ஏனென்றால் அதைப் படிக்க அந்தக் கருவி தேவைப்படவில்லை.

நமக்கு என்ன தேவை என்று கமிட்டியோடு இரண்டு தடவை உட்கார்ந்து எழுதினோம். அறிவிப்புகள், பொதுக்குழுக் குறிப்புகள், இந்தக் காலாண்டிதழ், குடிவர குடிபோக உள்ள படிவங்கள், எஸ்.டி.பி. மற்றும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகள், அவசரப் பக்கம். எழுதி முடித்ததும் எனக்கே ஆச்சரியம். எல்லாமே எழுத்து, மிஞ்சினால் பி.டி.எஃப். மெயின்டனன்ஸ் கட்ட யு.பி.ஐ. இருக்கிறது, கேட்டில் ஆள் வந்தால் சொல்ல செயலி இருக்கிறது. அதையெல்லாம் வெப்சைட்டிலும் செய்தால் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஒரு கொட்டேஷனில் லாகின், பேமென்ட், அரட்டைப் பெட்டி எல்லாம் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கும். அடித்துவிடலாம் என்பது என் கருத்து.

யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், வண்டி எண் என்ன என்பதெல்லாம் பொது வெப்சைட்டில் வரவே கூடாது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இது பொது அறிவு. அவசரப் பக்கத்தில் சம்மதம் கொடுத்தவர்களின் எண் மட்டும் இருக்கும். சம்மதப் படிவம் வெளியே மேஜையில் இருக்கிறது.

இப்போது கருவிகள். சந்தா கட்டி இழுத்துப் போடும் சேவையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அது கெட்டது என்று சொல்ல மாட்டேன். பிறந்தநாள் விழாவுக்கு, ஒரு வருடம் ஓடும் சின்னக் கடைக்கு நன்றாகவே இருக்கும். முப்பது வருடம் ஆவணம் வைத்திருக்க வேண்டிய சங்கத்துக்குச் சரிப்படாது.

சி பிளாக் பசங்க இரண்டு பேர் ரியாக்டில் எழுதித் தருகிறோம், காசே வேண்டாம் என்றார்கள். ரியாக்ட் ஃபேஸ்புக் 2013-ல் வெளியிட்டது, நல்ல கருவி, நானும் ஆபீஸில் அதில்தான் சோறு தின்கிறேன். ஆனால் அது திரையில் நொடிக்கு நொடி எதையாவது மாற்ற வேண்டிய வேலைக்கு. தண்ணீர் வராது என்று ஒரு வரி போடுவதற்கு அவ்வளவு பெரிய பட்டறை தேவையில்லை. அதைவிட, தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அடுத்த செப்டம்பரில் ஒருவர் மேற்படிப்புக்குக் கனடா போகிறார். எழுதியவரைத் தவிர வேறு யாருக்கும் புரியாத நிரலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வோம்?

மூன்றாவது, என் மனசுக்குப் பிடித்தது. ஹியூகோ மாதிரி ஒரு கருவி. எழுத்தைக் கோப்பாக எழுதிக் கொடுத்தால் வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்களாகச் செய்து கொடுத்துவிடும். டேட்டாபேஸ் கிடையாது, ஹேக் செய்ய உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது, இறகு மாதிரி லேசு. இதைத்தான் சிபாரிசு செய்வதாக இருந்தேன். பேச்சைக்கூட எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சோதனை வைத்தோம். செயலாளர் சாருக்கு அறுபத்தெட்டு வயது, ரயில்வேயில் கணக்குப் பார்த்தவர். அவர் தன் போனிலேயே, யாரையும் கேட்காமல், "நாளை காலை 10 முதல் 12 வரை தண்ணீர் வராது" என்று ஒரு அறிவிப்பு போட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. ஹியூகோவில் அரை மணி நேரம் போராடினார். கடைசியில் "நீங்களே போட்டுடுங்க சார்" என்று போனை என்னிடம் நீட்டினார். வேர்ட்பிரஸ் செயலியில் முதல் தடவை ஆறு நிமிடம், இரண்டாவது தடவை இரண்டு நிமிடம். எழுத்துப்பிழையைக்கூட அவரே திருத்தினார். "நீங்களே போட்டுடுங்க சார்" என்பது எனக்குப் பழகிய வார்த்தை. 2016-ல் ஆரம்பித்து ஏழு வருடம் எல்லா அறிவிப்பையும் நானேதான் போட்டேன். நான் ஊரில் இல்லாத நாட்களில் வெப்சைட்டும் ஊரில் இல்லை. என் பேச்சைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

ஆகவே வேர்ட்பிரஸ். 2003-ல் வந்தது, உலகத்து வெப்சைட்டுகளில் பத்தில் நான்குக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. மென்பொருள் இலவசம், மூல நிரல் திறந்திருக்கிறது, எந்த சர்வரிலும் வைத்துக்கொள்ளலாம். தமிழிலேயே இடைமுகம் உண்டு. செய்தவர் போய்விட்டால் இன்னொருவரைச் சென்னையில் தெருவுக்குத் தெரு கண்டுபிடிக்கலாம், பிளம்பர் கிடைப்பதைவிடச் சுலபம். ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். வேர்ட்பிரஸ்.காம் என்பது ஒரு கம்பெனி நடத்தும் சேவை. வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் கிடைப்பது மென்பொருள், இறக்கி நம் இடத்தில் வைத்துக்கொள்வது. நான் சொல்வது இரண்டாவது.

அதிலும் பள்ளங்கள் உண்டு. மூன்று மட்டும் சொல்கிறேன், மற்றதைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிளகின் என்று துணை மென்பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வேர்ட்பிரஸ் தளத்துக்குள் திருடன் நுழைவது பெரும்பாலும் புதுப்பிக்காமல் விட்ட பிளகின் வழியாகத்தான். ஐந்துக்கு மேல் வேண்டாம். அடுத்தது, காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை இலவசமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். அந்தத் திருட்டுப் பிரதிகளில் பல சமயம் பின்கதவு வைத்தே கொடுப்பார்கள். மூன்றாவது, பேஜ் பில்டர் என்கிற வகைப் பிளகின்கள். இழுத்துப் போட வசதியாக இருக்கும், ஆனால் சிலவற்றை நிறுத்தினால் உங்கள் கட்டுரை முழுக்க அடைப்புக்குறிக் குப்பைதான் மிஞ்சும். அதாவது நான் 2016-ல் விழுந்த அதே குழி, வேறு பெயர்ப்பலகையோடு. வேர்ட்பிரஸோடு வரும் சாதாரண தீமும் அதன் சொந்த எடிட்டருமே நமக்குத் தாராளம்.

இன்னொன்று. வேர்ட்பிரஸில் எக்ஸ்போர்ட் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் எல்லாம் வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். வருவது எழுத்து மட்டும். படங்களும் பி.டி.எஃப்.களும் எந்த முகவரியில் இருக்கின்றன என்ற குறிப்புதான் அதில் இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, கொட்டேஷன் இரண்டிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் காலாண்டிதழின் முதல் எட்டு இதழ்கள் அச்சகத்தில் பழைய வகை எழுத்துருவில் அடித்தவை. அதைக் காப்பி செய்து போட்டால் "அன்புடையீர்" என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுகிறது. தமிழக அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, எட்டு இதழையும் மாற்றிவிட்டோம். ஒரு பிழை பார்க்க மட்டும் ஆள் வேண்டும், ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் ஏ பிளாக்கில் இருக்கிறார், அவரைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அறிவிப்புகளை எல்லாம் கேன்வாவில் பூப்போட்டுப் படமாகச் செய்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். பார்க்க லட்சணமாக இருக்கிறது. பி பிளாக்கில் ஒரு சார் இருக்கிறார், அவருக்குப் பார்வை மிகக் குறைவு. போன் எழுத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டும், அதை வைத்துத்தான் பேப்பரே படிக்கிறார். நம் அறிவிப்பு வந்தால் அந்தப் போன் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறதாம். "எல்லா நாளும் உங்க சங்கம் எனக்குப் படம் காட்டுது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. புதிய வெப்சைட்டில் அறிவிப்பு எழுத்தாகவே வரும். படம் வேண்டுமானால் கூட வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துருவுக்கும் தனியாகச் செலவு வேண்டாம். ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது, ஐபோனிலும் விண்டோஸிலும் தமக்கென்று தமிழ் எழுத்துரு உண்டு. அலங்கார எழுத்துருவை இறக்கினால் மறுபடி எடை. ஆனால் வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த தீம்களில் தமிழ்த் தலைப்பு இரண்டு வரி வந்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும்.

கொட்டேஷனில் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் என்று வருடா வருடம் ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். முகவரியில் பூட்டு தெரிவதற்கானது, அவசியம் வேண்டும், இல்லாவிட்டால் குரோம் 2018-லிருந்தே "பாதுகாப்பற்றது" என்று பயமுறுத்துகிறது. ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதை 2015 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. நாம் தண்ணீரில் நின்ற அதே மாதம். அந்த வரியை அடித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இரண்டு பேரிடமும் கமிட்டி சார்பில் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "நாளைக்கு உங்களுக்கும் எங்களுக்கும் ஒத்துவரவில்லை என்றால் எங்கள் கையில் என்ன இருக்கும்?" ஒருவர், டிசைன் கோப்பும் நிரலும் எங்களிடமே இருக்கும், மாதாமாதம் கட்டும்வரை வெப்சைட் ஓடும் என்றார். இன்னொருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்லா பாஸ்வேர்டும் உங்களிடம், மாதம் ஒரு முழு பேக்கப்பும் உங்களிடம், நாங்கள் போனாலும் ஓடும் என்று எழுதியே கொடுத்தார். இரண்டாமவர் முதல் வருடத்துக்குக் கொஞ்சம் அதிகம் கேட்கிறார். முதலாமவர் காட்டிய மாதிரி பார்க்க இதைவிட அழகு, அதை மறைக்கவில்லை.

என் சிபாரிசு இரண்டாமவருக்கு, சில நிபந்தனைகளோடு. டொமைன் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்றே ஒரு ஈமெயிலில், ஐந்து வருடத்துக்குச் சேர்த்து. சாவி இரண்டு பதவியாளர்களிடம், பதவி மாறும்போது வரவு செலவு நோட்டோடு அதையும் ஒப்படைக்க வேண்டும். மாதாந்திர பேக்கப்பின் ஒரு பிரதி ஆபீஸ் பீரோவில், ஒரு பிரதி வளாகத்துக்கு வெளியே. பீரோ தரைத்தளத்தில் இருக்கிறது, தண்ணீர் எங்கே வரும் என்று நமக்குத் தெரியும்.

அவசரப் பக்கம் வேர்ட்பிரஸுக்குள் இருக்காது. அது தனியாக ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு, படம் கிடையாது, நிரல் கிடையாது, 10 கே.பி. வேர்ட்பிரஸ் படுத்துவிட்டாலும் அது நிற்கும் மாதிரி வேறு இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாதிரிக்கு நானே ஒன்று நோட்பேடில் எழுதிப் பார்த்துவிட்டேன். நம் இரவு வாட்ச்மேனின் போன், கண்ணாடி உடைந்து டேப் ஒட்டியது, அதை வாங்கி இரண்டாம் பேஸ்மென்ட் மூலையில் நின்று திறந்தேன். நான்கு வினாடி. முழு வெப்சைட்டையும் அங்கேயே நின்று திறந்து பார்த்துவிட்டுத்தான் கடைசித் தவணைப் பணம் கொடுக்க வேண்டும் என்பதும் நிபந்தனையில் இருக்கிறது. அதே பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்று லேமினேட் செய்து செக்யூரிட்டி கேபினிலும் ஒவ்வொரு லிஃப்ட் பக்கத்திலும் தொங்கும். பென்சில் எழுத்துக்குப் பதிலாக.

கை தூக்குவதற்கு முன் கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சி பிளாக் தம்பிகளே, உங்களுக்கு வேலை இருக்கிறது, போய்விடாதீர்கள். பழைய குறிப்புகளை ஏற்றிச் சரிபார்க்க ஞாயிறு மாலை 5 மணிக்கு ஆபீஸ் ரூமில் கூடுகிறோம். மற்றவர்களும் வரலாம். 2019 ஜூன் பொதுக்குழுக் குறிப்பின் ஜெராக்ஸ் யாரிடமாவது, எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பரணிலாவது இருந்தால், தயவுசெய்து எடுத்து வாருங்கள். எந்தப் பக்கம் சாதகமாக இருந்தாலும் அப்படியே ஏற்றிவிடுகிறேன்.